வெண்புள்ளி நோய் மருத்துவம்

வெண்புள்ளி நோய் மருத்துவம் என்பது, தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிவதனால் தோன்றும் வெண்ணிறத் திட்டுகளை மருந்துகளாலும் புறஊதா ஒளியாலும் மீண்டும் நிறம் பெறச் செய்யும் சிகிச்சை முறைகளைக் குறிக்கும். விட்டிலைகோ என மருத்துவத் துறையில் வழங்கப்படும் இந்நோய், உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 0.5 முதல் 2 விழுக்காட்டினரைப் பாதிக்கின்றது. இது தொற்றுநோய் அன்று. உயிருக்கு ஊறு விளைவிப்பதும் இல்லை. இதனை முற்றாக நீக்கி மீண்டும் வராமல் தடுக்கும் மருந்து கண்டறியப்படவில்லை. ஆயினும் நோய் பரவுவதை நிறுத்துவதும், இழந்த நிறத்தைப் பெருமளவு மீட்பதும் பலருக்கு இயலக்கூடியவையே.

சிகிச்சையில் இரண்டு தனித்தனிப் பணிகள் உள்ளன. முதலாவது, நிறமி உயிரணுக்களின் மீது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் நடத்தும் தாக்குதலை அடக்குவது. இரண்டாவது, எஞ்சியுள்ள நிறமி உயிரணுக்களைத் தூண்டி வெண்திட்டுக்குள் மீண்டும் குடியேறச் செய்வது. மருந்துகள் பெரும்பாலும் முதற் பணியையும், ஒளி பெரும்பாலும் இரண்டாம் பணியையும் செய்கின்றன. இரண்டையும் இணைக்கும்போது பலன் கூடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

பெயர்

தமிழில் இந்நோய் வெண்புள்ளி, வெண்படை, வெண்தேமல் முதலிய பெயர்களால் குறிக்கப்படுகின்றது. முன்னர் பரவலாக வழங்கிய வெண்குட்டம் அல்லது வெண்குஷ்டம் என்ற பெயர் பிழையானது. குட்டம் என்னும் சொல் தொழுநோயைக் குறிப்பதால், இவ்விரு நோய்களும் ஒன்றே என்ற தவறான எண்ணத்துக்கு அப்பெயர் இடமளித்தது. தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் உண்டாவது. அதன் திட்டுகளில் தொடு உணர்வு குறைந்திருக்கும். வெண்புள்ளி நோய்க்கு நுண்ணுயிரி எதுவும் காரணமன்று. திட்டுகளில் உணர்வு இயல்பாகவே இருக்கும்.

நோயின் இயல்பு

தோலின் மேலடுக்கில் உள்ள மெலனோசைட்டு எனப்படும் உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறமியை உருவாக்குகின்றன. வெண்புள்ளி நோயில், டி உயிரணுக்கள் என்னும் வெள்ளையணுக்களில் ஒரு வகை இந்த நிறமி உயிரணுக்களைத் தேடி அழிக்கின்றது. இத்தாக்குதலின்போது காமா இன்டர்பெரான் என்னும் புரதம் வெளியாகின்றது. அது தோல் உயிரணுக்களில் உள்ள ஜானஸ் கைனேசு என்னும் நொதிகளின் வழியாகச் செய்தியை அனுப்பி, மேலும் பல டி உயிரணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கின்றது. இவ்வாறு தாக்குதல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கின்றது. தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுவதால், தைராய்டு பரிசோதனையும் செய்யப்படுவதுண்டு.

நோய் இரண்டு முதன்மை வகைகளாகப் பிரிக்கப்படுகின்றது.

பகுதிசாரா வகை: உடலின் இருபுறமும் ஏறத்தாழ ஒத்த இடங்களில் திட்டுகள் தோன்றும். இதுவே மிகுதியாகக் காணப்படுவது. ஆண்டுக்கணக்கில் பரவியும் ஓய்ந்தும் வரக்கூடியது.

பகுதிசார் வகை: உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டையாகத் தோன்றும். பெரும்பாலும் இளவயதில் தொடங்கி, விரைவாகப் பரவி, பின்னர் அப்படியே நின்றுவிடும்.

நிறம் மீளும் விதம்

வெண்திட்டின் மேற்பரப்பில் நிறமி உயிரணுக்கள் அழிந்துபோயினும், மயிர்க்கால்களின் ஆழத்தில் அவற்றின் மூல உயிரணுக்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும். சிகிச்சை பலன் தரும்போது இவை பெருகி, மயிர்க்காலின் வழியே மேலேறிச் சுற்றிலும் பரவுகின்றன. எனவே முதலில் வெண்திட்டின் நடுவே கடுகளவான பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை விரிந்து ஒன்றுடன் ஒன்று இணைந்து திட்டினை மூடும். திட்டின் விளிம்பிலிருந்து உள்நோக்கியும் நிறம் படர்வதுண்டு.

சிகிச்சையின் எல்லைகளையும் இதைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். திட்டிலுள்ள மயிரும் வெளுத்துவிட்டால், மூல உயிரணுக்களின் இருப்பும் தீர்ந்துவிட்டதென்று பொருள்; அங்கே மருந்தாலும் ஒளியாலும் நிறம் மீள்வது அரிது. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, விரல் நுனி ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் இல்லாமையால் அங்கும் பலன் மிகக் குறைவு. மயிர்க்கால்கள் நெருங்கிய முகத்திலும் கழுத்திலும் பலன் மிகுதி.

நோயறிதல்

சிகிச்சைக்கு முன் நோயை உறுதிசெய்தல் இன்றியமையாதது. வுட் விளக்கு எனப்படும் புறஊதா விளக்கின் ஒளியில், இருட்டறையில் பார்க்கும்போது வெண்புள்ளித் திட்டுகள் நீலங்கலந்த பளிச்சிடும் வெண்மையாகத் தோன்றும். தேமல், தொழுநோய், பிறவி மச்சங்கள், தீப்புண் தழும்புகள் ஆகியவற்றிலிருந்து இதனைப் பிரித்தறிய வேண்டும்.

வேதிப்பொருள்களாலும் இவ்வாறான வெண்மை தோன்றலாம். ஒட்டுப்பொட்டின் பசையிலும் சிலவகை ரப்பர், தோல் காலணிகளின் பசையிலும் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் பொருள், நெற்றியிலும் பாதத்திலும் நிறமிழப்பை உண்டாக்குவது இந்தியாவில் நன்கறியப்பட்டதாகும். அந்நிலையில் அப்பொருளைத் தவிர்ப்பதே சிகிச்சையின் முதற்படி.

நோய் பரவிக்கொண்டிருக்கின்றதா, அல்லது நிலைத்துவிட்டதா என்பதும் கண்டறியப்பட வேண்டும். கீறல், உராய்வு, காயம் பட்ட இடங்களில் புதிய திட்டுகள் தோன்றுவது கோப்னர் விளைவு எனப்படும். இது நோய் முனைப்பாக உள்ளதற்கான அறிகுறிகளுள் ஒன்று.

வரலாறு

தாவரச் சாற்றையும் கதிரவன் ஒளியையும் இணைத்து இந்நோய்க்கு மருத்துவம் செய்யும் வழக்கம் பழமையானது. இந்தியாவில் கார்போகரிசி எனப்படும் விதை இதற்குப் பயன்பட்டது. எகிப்தின் நைல் ஆற்றுப்படுகையில் வளரும் அம்மி மாஜஸ் என்னும் செடியின் விதையும் அவ்வாறே பயன்பட்டது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தலூசிய மருந்தியலாளர் இபின் அல்-பைத்தார், இவ்விதையை உட்கொண்டு வெயிலில் இருக்கும் முறையைப் பதிவுசெய்துள்ளார்.

இவ்விரு செடிகளிலும் சோராலென் வகைச் சேர்மங்கள் இருப்பது 20-ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது. கார்போகரிசியிலிருந்து சோராலெனை இந்திய வேதியியலாளர்கள் 1933-இல் பிரித்தெடுத்தனர். எகிப்தில் 1947-இல் அம்மி மாஜஸ் செடியிலிருந்து மெத்தாக்சிசோராலென் பிரித்தெடுக்கப்பட்டது. கெய்ரோவைச் சேர்ந்த தோல் மருத்துவர் அப்தல் மோனிம் எல் மோஃப்தி, இச்சேர்மத்தைக் கதிரவன் ஒளியுடன் இணைத்து வெண்புள்ளி நோயாளருக்கு அளித்த முடிவுகளை 1948-இல் வெளியிட்டார்.

ஒளி மருத்துவத்தின் மற்றொரு கிளை டென்மார்க்கில் தோன்றியது. தோல் காசநோய்க்குச் செறிவூட்டிய ஒளியைப் பயன்படுத்திய நீல்ஸ் பின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். 1974-இல் அமெரிக்காவில் பேரிஷ் குழுவினர், சோராலெனையும் நெடுஅலைப் புறஊதா விளக்குகளையும் இணைத்துச் சொரியாசிசு நோய்க்கு அளித்தனர். பூவா எனப் பெயர்பெற்ற இம்முறை, விரைவில் வெண்புள்ளி நோய்க்கும் பயன்படலாயிற்று. 1980-களில் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டை விளக்குகள் வந்தன. ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹோஃபும் அவருடன் பணியாற்றியவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, வெண்புள்ளி நோயில் இவ்விளக்குகள் பூவா முறைக்கு ஈடாகவும் தீங்கு குறைந்ததாகவும் இருப்பதைக் காட்டியது. அதன்பின் குறும்பட்டை ஒளியே முதன்மை ஒளிச் சிகிச்சையாக நிலைபெற்றது.

மருந்துகள்

ஸ்டீராய்டு பூச்சுகள்

நோய் உடலின் சிறு பகுதியில் மட்டும் இருப்பின், முதலில் பரிந்துரைக்கப்படுவன மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளாகும். இவை தோலில் நடைபெறும் நோயெதிர்ப்புத் தாக்குதலை அடக்குகின்றன. நாளுக்கு ஒருமுறை எனச் சில மாதங்களுக்கு, இடையிடையே இடைவெளி விட்டுப் பூசப்படுகின்றன. நீண்டகாலம் தொடர்ந்து பூசினால் தோல் மெலிதல், வரித்தழும்புகள், குருதி நுண்குழாய்கள் வெளித்தெரிதல் ஆகியன ஏற்படும். கண்ணிமையில் பூசினால் கண்ணழுத்தம் உயரக்கூடும்.

கால்சிநியூரின் தடுப்பிகள்

டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் ஆகிய பூச்சு மருந்துகள் டி உயிரணுக்களின் செயல்பாட்டை வேறு வழியில் தடுக்கின்றன. இவை தோலை மெலியச் செய்வதில்லை. ஆதலால் முகம், கண்ணிமை, கழுத்து, தோல் மடிப்புகள் ஆகிய மென்மையான இடங்களுக்கு ஏற்றவை. தொடக்கத்தில் எரிச்சல் தோன்றலாம்.

ஜானஸ் கைனேசு தடுப்பிகள்

காமா இன்டர்பெரானின் செய்தியைக் கடத்தும் நொதிகளைத் தடுப்பதன் வாயிலாக, இம்மருந்துகள் தாக்குதலின் சங்கிலியை நடுவில் அறுக்கின்றன. இவற்றுள் ருக்சோலிடினிப் 1.5 விழுக்காட்டுப் பூச்சு மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 சூலையில் ஒப்புதல் அளித்தது. 12 அகவையும் அதற்கு மேலும் உள்ள பகுதிசாரா வகை நோயாளருக்கு, வெண்திட்டில் நிறத்தை மீட்பதற்கென அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவேயாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இல் ஒப்புதல் கிடைத்தது.

இம்மருந்தின் இரு பெரும் ஆய்வுகளில், 24 வாரங்களுக்குப் பின் முகத்தின் நிறமிழப்பில் 75 விழுக்காடு அல்லது அதற்கு மேல் முன்னேற்றம் கண்டோர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர். மருந்தில்லாப் பூச்சைப் பயன்படுத்தியோரில் இவ்விகிதம் ஓர் ஆய்வில் 7.4 விழுக்காடும் மற்றொன்றில் 11.4 விழுக்காடுமாக இருந்தது. பூசிய இடத்தில் முகப்பரு போன்ற பருக்கள் தோன்றுவது இதன் பொதுவான பக்கவிளைவு. உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் இதனைப் பூசுதல் பரிந்துரைக்கப்படவில்லை.

உட்கொள்ளும் மருந்துகள்

நோய் விரைந்து பரவும்போது, அதனை நிறுத்துவதற்குக் குறுகிய காலம் ஸ்டீராய்டு மாத்திரைகள் தரப்படுகின்றன. வாரத்தில் அடுத்தடுத்த இரு நாட்கள் மட்டும் மாத்திரை உட்கொண்டு, ஏனைய ஐந்து நாட்கள் நிறுத்திவைக்கும் முறையை இந்திய மருத்துவர்களான பாஸ்ரிச்சாவும் கைத்தானும் 1993-இல் விவரித்தனர். அதில் பீட்டாமெத்தசோன் பயன்படுத்தப்பட்டது. நாள்தோறும் உட்கொள்வதால் ஏற்படும் பக்கவிளைவுகளைக் குறைப்பதே இடைவெளியின் நோக்கம். இம்முறை பரவலை நிறுத்துமேயன்றி, நிலைத்துவிட்ட பழைய திட்டுகளில் நிறத்தை மீட்பதற்குப் போதுமானதன்று.

ஒளிச் சிகிச்சை

குறும்பட்டைப் புறஊதா ஒளி

புறஊதா ஒளியில் 311 முதல் 313 நானோமீட்டர் வரையான சிறு பகுதியை மட்டும் வெளியிடும் விளக்குகள் இம்முறையில் பயன்படுகின்றன. திட்டுகள் பரவலாக இருப்பின், நோயாளர் விளக்குகள் சூழ்ந்த அறை போன்ற பெட்டிக்குள் நிற்பார். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிக்கப்படும். ஆண்களின் பிறப்புறுப்பு மூடப்படும். ஒவ்வோர் அமர்வும் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரையே நீடிக்கும்.

இந்த ஒளி இருவகையில் செயல்படுகின்றது. தோலில் உள்ள டி உயிரணுக்களை அடக்குகின்றது. அத்துடன் மயிர்க்காலில் உறங்கும் மூல உயிரணுக்களைப் பெருகவும் இடம்பெயரவும் தூண்டுகின்றது.

பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2017-இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, வாரம் மூன்று அமர்வுகள் சிறந்தவை. இயலாதவருக்கு இரண்டு அமர்வுகளும் ஏற்புடையவை. சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லி யூல் அளவில் தொடங்கி, அமர்வுதோறும் 10 முதல் 20 விழுக்காடு வரை ஒளியளவு கூட்டப்படும். வெண்திட்டு இளஞ்சிவப்பாகி 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் அளவு சரியானது. அதற்கு மேலும் சிவப்பு நீடித்தால் அளவைக் கூட்டுதல் கூடாது. வலியோ கொப்புளமோ தோன்றினால், அது ஆறும்வரை சிகிச்சை நிறுத்தப்படும்.

பலன் மெதுவாகவே தெரியும். மெதுவாகப் பலன் பெறுவோர் உள்ளமையால் 72 அமர்வுகளுக்கு முன்னர் இச்சிகிச்சை பயனற்றது என முடிவு செய்யக்கூடாது என்று அப்பரிந்துரைகள் கூறுகின்றன. வாரம் மூன்று அமர்வுகள் என்ற கணக்கில் இது ஏறத்தாழ ஆறு மாதங்களாகும். இரண்டு மூன்று மாதங்களில் மாற்றம் காணாது விலகிவிடும் நோயாளர், கிடைக்கவிருந்த பலனையும் இழக்க நேரிடுகின்றது.

பூவா முறை

இதில் நோயாளர் சோராலென் வகை மருந்தை உட்கொண்ட பின்னரோ பூசிக்கொண்ட பின்னரோ, நெடுஅலைப் புறஊதா ஒளியைப் பெறுவார். சோராலென் தோலை ஒளிக்கு மிகுந்த கூருணர்வு உடையதாக ஆக்குகின்றது. விளக்குக்குப் பதிலாகக் கதிரவன் ஒளியைப் பயன்படுத்தும் முறை பூவாசால் எனப்படும். ஒளிச் சிகிச்சைக் கருவி எட்டாத் தொலைவிலுள்ள நோயாளருக்கு இந்தியாவில் இம்முறை நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளது.

குமட்டல், தோல் வெந்துபோதல், கண்புரை, நீண்டகாலப் பயன்பாட்டில் தோல் புற்றுநோய் ஆகியன இம்முறையின் இடர்கள். மருந்தை உட்கொண்ட நாளில் புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிதல் கட்டாயமாகும். கருவுற்றவருக்கும் சிறுவருக்கும் இது தரப்படுவதில்லை. குறும்பட்டை ஒளிக்கு மாத்திரை தேவையில்லை என்பதால், இவ்விரு பிரிவினருக்கும் மருத்துவக் கண்காணிப்பில் அதனை அளிக்க இயலும். வெயிலில் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்த இயலாமையால், மருத்துவர் மேற்பார்வையின்றிச் சோராலென் அல்லது கார்போகரிசி எண்ணெய் பூசி வெயிலில் நிற்பது கடுமையான கொப்புளங்களை உண்டாக்கலாம். அக்காயமே கோப்னர் விளைவினால் நோயைப் பரப்பவும் கூடும்.

எக்சைமர் ஒளி

308 நானோமீட்டர் ஒளியை வெளியிடும் எக்சைமர் லேசரும் எக்சைமர் விளக்கும் திட்டின் மீது மட்டும் ஒளியைச் செலுத்த வல்லவை. சுற்றியுள்ள நலமான தோல் கருமையடைவதில்லை. சில திட்டுகள் மட்டும் உள்ளோருக்கு இது பொருத்தமானது.

பலனின் அளவு

முன்னர் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வொன்று கீழ்க்காணும் அளவுகளைத் தந்தது. இவை ஒளியை மட்டும் பயன்படுத்தியபோது கிடைத்தவை.

குறும்பட்டை ஒளி: 75 விழுக்காடு அல்லது அதற்கு மேல் நிறம் மீண்டோர் 6 மாதங்களில் 19.2 விழுக்காட்டினர்; 12 மாதங்களில் 35.7 விழுக்காட்டினர்.

பூவா: அதே அளவுக்கு நிறம் மீண்டோர் 6 மாதங்களில் 8.5 விழுக்காட்டினர், 12 மாதங்களில் 13.6 விழுக்காட்டினர்.

உடற்பகுதி வாரியாக நோக்கின், குறைந்தது 6 மாதக் குறும்பட்டைச் சிகிச்சைக்குப் பின் முகத்திலும் கழுத்திலும் 44.2 விழுக்காட்டினர் சிறந்த பலன் பெற்றனர். கைகளின் முன்பகுதியிலும் பாதங்களிலும் அத்தகைய பலன் எவருக்கும் கிடைக்கவில்லை.

மருந்தையும் ஒளியையும் இணைத்தல்

ஐக்கிய இராச்சியத்தில் 517 பேர் பங்குகொண்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. இதில் நோயாளர் தத்தம் வீட்டிலேயே கையடக்கக் குறும்பட்டை விளக்கைப் பயன்படுத்தினர். ஒன்பது மாதங்களின் முடிவில், தேர்ந்தெடுத்த திட்டு முன்னிலும் வெகுவாகக் கண்ணுக்குத் தெரியாதவாறு ஆயிற்று எனக் கூறியோர், மொமெட்டசோன் பூச்சை மட்டும் பயன்படுத்தியோரில் 17 விழுக்காட்டினரும், ஒளியை மட்டும் பயன்படுத்தியோரில் 22 விழுக்காட்டினரும், இரண்டையும் பயன்படுத்தியோரில் 27 விழுக்காட்டினரும் ஆவர். இணைப்புச் சிகிச்சை பூச்சு மருந்தை விட மேலானது என்பதையும், எனினும் முழுப் பலன் பெறாதோரே பெரும்பான்மையினர் என்பதையும் இவ்வாய்வு ஒருசேரக் காட்டுகின்றது.

டாக்ரோலிமஸ் பூச்சும் ஒளியும் இணைந்த சிகிச்சை, குறிப்பாக முகத்தில், நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

மீண்டும் தோன்றுதல்

சிகிச்சையை நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் மீண்ட நிறம் மறையத் தொடங்குகின்றது. தாக்குதல் நடத்திய டி உயிரணுக்களில் ஒரு பகுதி, நினைவு உயிரணுக்களாகத் தோலிலேயே தங்கிவிடுவது இதற்குக் காரணம். இவை அதே இடத்தில் காத்திருப்பதால், நோய் பெரும்பாலும் பழைய இடத்திலேயே திரும்புகின்றது. நிறம் மீண்ட இடத்தில் வாரம் இருமுறை டாக்ரோலிமஸ் பூசி வருவது மறுதோற்றத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்பது 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் நிறுவப்பட்டது.

யாருக்குத் தவிர்க்க வேண்டும்

தோல் புற்றுநோய் வரலாறு உடையோர், லூப்பசு நோயாளர், ஒளியால் தோல் சிதையும் மரபுவழி நோயுடையோர் ஆகியோருக்கு ஒளிச் சிகிச்சை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. ஒளிக்கூருணர்வை உண்டாக்கும் வேறு மருந்துகளை உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

பிற முறைகள்

ஓராண்டேனும் பரவாமல் நிலைத்துவிட்ட திட்டுகளுக்கு அறுவை முறைகள் உள்ளன. நலமான தோலைச் சிறு துண்டுகளாகவோ, அதிலிருந்து பிரித்த நிறமி உயிரணுக்களைக் கரைசலாகவோ வெண்திட்டில் பதியவைப்பர். பகுதிசார் வகையில் இவை நற்பலன் தருகின்றன.

உடலின் பெரும்பகுதி வெண்மையாகிவிட்டவருக்கு, எஞ்சிய நிறத்தை நீக்கி உடல் முழுதும் ஒரே நிறமாக்கும் முறையும் உண்டு. இதற்குப் பயன்படும் மோனோபென்சோன் என்னும் பொருளின் நிறநீக்கும் பண்பு, 1939-இல் தோல் பதனிடும் தொழிலாளர் அணிந்த ரப்பர் கையுறைகளின் வாயிலாகத் தற்செயலாகத் தெரியவந்தது. இம்மாற்றம் திரும்பப் பெற இயலாதது.

வெண்திட்டுகள் வெயிலில் எளிதில் வெந்துவிடும். ஆதலால் ஒளிச் சிகிச்சை நேரம் தவிர்த்து, வெயில்காப்புப் பூச்சும் மூடிய உடையும் அறிவுறுத்தப்படுகின்றன. நிற ஒப்பனைப் பூச்சுகளும் பயன்படுகின்றன.

சமூக நிலை

மீனும் பாலும் சேர்த்து உண்பதால் இந்நோய் வரும் என்ற நம்பிக்கை இந்தியாவில் பரவலாக உள்ளது. இதற்குச் சான்று இல்லை. தொட்டால் ஒட்டும் என்ற அச்சமும் தவறானது. இவ்வாறான எண்ணங்களால் கல்வி, வேலை, திருமணம் ஆகியவற்றில் நோயாளர், சிறப்பாகப் பெண்கள், புறக்கணிப்புக்கு ஆளாகின்றனர். மனச்சோர்வு இந்நோயாளரிடம் மிகுந்து காணப்படுவதால், தேவைப்படுவோருக்கு உளநல ஆலோசனையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதப்படுகின்றது.

விரைவில் முற்றாகக் குணமாகும் என்ற விளம்பரங்களை நம்பிப் பலர் காலத்தை இழக்கின்றனர். இந்தியாவின் 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருத்துவங்கள் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் இந்நோயையும் சேர்த்துள்ளது. காலந்தாழ்த்துவதால் விளையும் இழப்பு பெரிது. அண்மையில் தோன்றிய, மயிர் வெளுக்காத திட்டுகளே சிகிச்சைக்கு நன்கு இணங்குகின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல மயிர்க்காலில் உள்ள மூல உயிரணுக்களின் இருப்பும் குறையக்கூடும்.

ஆண்டுதோறும் சூன் 25 உலக வெண்புள்ளி நாளாக 2011 முதல் கடைப்பிடிக்கப்படுகின்றது. இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்த பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009-இல் மறைந்த நாள் அதுவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

மெலனின்
தன்னெதிர்ப்பு நோய்
புறஊதாக் கதிர்
சொரியாசிசு
தொழுநோய்